உசோப்பை விட்டுவிட்டுப் போகும் லூஃபி எப்படி நல்ல கேப்டன்?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். 'ஒன் பீஸ்' என்ற கடற்கொள்ளையர் மங்காவை (ஜப்பானியப் படக்கதை) முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறேன். என் தம்பிதான் இதற்குள் இழுத்துவிட்டான். இப்போது 35-ஆவது தொகுதி முடிந்திருக்கிறது. வாட்டர் 7 நகரத்தில் கோயிங் மெரி கப்பலுக்காக, கேப்டன் லூஃபியும் அவன் குழுவில் இருக்கும் உசோப்பும் மோதிக்கொள்ளும் இடம். அடுத்த தொகுதி பக்கத்திலேயே இருக்கிறது, திறக்க மனம் வரவில்லை.

நான் முழுக்க உசோப் பக்கம். அது கயா கொடுத்த கப்பல். சிரப் கிராமத்தில் நோயாளியாகப் படுத்திருந்த அந்தப் பெண்ணுக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று கதை சொன்னவன் அவன். ஊரை விட்டு வந்த அவனுக்கு ஊர் என்று மிஞ்சியது அந்த ஆட்டுத்தலைக் கப்பல்தான். உடைந்த இடத்திலெல்லாம் பலகை அடித்து ஒட்டுப்போட்டதும் அவன்தான். ஸ்கைபியா என்ற வானத்தீவில் இரவில் மூடுபனிக்குள் யாரோ மெரியைச் செப்பனிடுவதைப் பார்த்ததும் அவன்தான். அப்படிப்பட்டவன் அந்த ஊர் ரவுடி ஃபிராங்கியின் ஆட்களிடம் அடி வாங்கி, 20 கோடி பெலி பணத்தைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் கட்டோடு கிடக்கும்போது லூஃபி வந்து கப்பலை மாற்றப்போகிறோம் என்று சொல்கிறான். சொன்ன விதமாவது பரவாயில்லையா என்றால் அதுவும் இல்லை. இஷ்டமில்லாவிட்டால் போ என்கிற மாதிரி அவன் ஆரம்பித்த வாக்கியத்தை, சமையல்காரன் சாஞ்சி உதைத்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

அப்புறம் யோசித்தேன். இந்தப் பையனுக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது. வரைபடம் பார்க்கத் தெரியாது. சமையல் தெரியாது. திட்டம் போட்டால் கேட்கவும் மாட்டான். நீச்சல்கூடத் தெரியாது, கடலில் விழுந்தால் கல் மாதிரி மூழ்குவான். பிறகு இவன் எதற்குக் கேப்டன்? எல்லோரையும்விட ஓங்கி அடிப்பான் என்பதற்காகவா?

தயவுசெய்து 336-ஆவது அத்தியாயத்துக்கு மேல் கதையைச் சொல்லிவிடாமல் பதில் எழுதுங்கள்.

ரப்பர்கை:

அக்கா, நான் அனிமே வழியாக வந்தவன். இது அனிமேயில் 236-ஆவது எபிசோட். மங்காவில் படித்திருந்தாலும் ஒரு தடவை அதைப் பாருங்கள், ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். லூஃபிக்கு 1999-இல் தொடர் தொடங்கியதிலிருந்து குரல் கொடுப்பவர் மயூமி தனகா. அந்தச் சண்டையில் அவன் போடும் சத்தத்தில் கோபத்தைவிட வலிதான் அதிகம் கேட்கும். உசோப் தந்திரத்துக்கு மேல் தந்திரமாக எறிந்துகொண்டே இருக்கிறான், இவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே முன்னால் வருகிறான். அதைப் பார்த்த பிறகு எனக்கு யார் பக்கமும் நிற்க முடியவில்லை. இரண்டு பேருக்காகவும் அழுதேன்.

நடுக்கடல்:

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபிசர். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்ச் முடித்து வந்து கேபினில் இந்த மங்காவை வாசிப்பது வழக்கம். கேப்டன் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அது என் பிழைப்போடு சம்பந்தப்பட்ட கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கப்பலில் சுக்கான் பிடிப்பது ஏபி என்ற மாலுமி. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாதை வரைவது நான். எஞ்சின் சீஃப் இன்ஜினியர் கையில், சோறு சீஃப் குக் கையில். துறைமுகத்துக்குள் நுழையும்போது உள்ளூர் பைலட் ஏறி வந்து எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்வார். இவ்வளவு பேர் இருக்கும்போது கேப்டனுக்கு என்ன வேலை? கப்பல் தரைதட்டினால் விசாரணையில் நிற்கும் ஆள் அவர். பைலட் பிரிட்ஜில் நின்று உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தாலும் பொறுப்பு கேப்டனை விட்டுப் போவதில்லை. முன்னால் புயல், பின்னால் சரக்கு தாமதமாகிறது என்று கம்பெனியின் நெருக்கடி, அந்த நேரத்தில் பாதையை மாற்றுவதா வேண்டாமா என்று ஒரே ஒருத்தர் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் கருத்துச் சொல்லலாம். சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். அவரால் முடியாது. (எங்கள் கேப்டன்கள் இந்த வேலைகளையெல்லாம் கற்றுத் தேறித்தான் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள். லூஃபிக்கு அது கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.)

லூஃபிக்குத் தனக்கு என்ன தெரியாது என்பது நன்றாகத் தெரியும். 90-ஆவது அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். குழுவின் வழிகாட்டி நாமியின் ஊரை அடக்கி வைத்திருந்த கொள்ளையன் ஆர்லாங் அவனைக் கேலி செய்யும்போது, தனக்கு வாள் வீசத் தெரியாது, கப்பல் செலுத்தத் தெரியாது, சமைக்கத் தெரியாது, பொய் சொல்லத் தெரியாது, மற்றவர்கள் உதவி இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று அவனே வரிசையாகச் சொல்கிறான். நீங்கள் போட்ட பட்டியல் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஓர் ஆள் இருக்கிறார், பொய் சொல்வதற்கு உசோப் உட்பட. சரி, உன்னால் என்னதான் முடியும் என்று ஆர்லாங் கேட்டால், உன்னை ஜெயிக்க முடியும் என்கிறான். தன் வேலை எது என்று அவன் பிரித்து வைத்திருக்கிற விதம் எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால், நாமியின் கதையை அவள் அக்கா நோஜிகோ சொல்ல ஆரம்பிக்கிறாள். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். லூஃபி மட்டும் எனக்கு அவள் பழைய கதை வேண்டாம் என்று எழுந்து நடக்கப் போய்விடுகிறான். முதல் தடவை வாசித்தபோது இது என்ன திமிர் என்று தோன்றும். பிறகு நாமி தன் தோளில் ஆர்லாங் குத்திய பச்சையைக் கத்தியால் குத்திக் குத்திக் கிழிக்கும்போது கையைப் பிடிப்பது அவன்தான். அவள் உதவி செய் என்று கேட்டதும் தொப்பியை அவள் தலையில் வைக்கிறான். யாரையும் தொடவே விடாத தொப்பி அது. ஷாங்க்ஸ் ஒரு கையை இழந்த நாளுக்குப் பிறகு கொடுத்துவிட்டுப் போனது. காரணம் எதுவும் கேட்காமல், அவள் கேட்டாள் என்பதற்காகவே கிளம்புகிறான். ஆர்லாங்கின் கோட்டைக்குள் அவளை அடைத்து வைத்துக் கடல் வரைபடம் வரையவைத்த அறையைப் பார்த்ததும், ரத்தம் படிந்த பேனாவைப் பார்த்ததும், அந்த அறையையே உடைக்கிறான். எதிரியை மட்டும் அடித்திருந்தால் சண்டை முடிந்திருக்கும். அறை நின்றிருந்தால் நாமி அதற்குள்ளேயே இருந்திருப்பாள். இது வெறும் பலசாலி செய்கிற காரியமா, சொல்லுங்கள்.

டிரம் தீவு இன்னும் முக்கியம். நாமி காய்ச்சலில் கிடக்கிறாள், கரையில் இருக்கிறவர்கள் துப்பாக்கி நீட்டுகிறார்கள். லூஃபி பாயப் பார்க்கிறான். கூடப் பயணம் செய்யும் இளவரசி விவி அவனைப் பிடித்து, நீ கேப்டனாக இருக்கவே லாயக்கில்லை, இங்கே சண்டை போட்டால் நாமி என்ன ஆவாள் என்று கேட்டுவிட்டுத் தரையில் தலை வைத்துக் கெஞ்சுகிறாள். அவன் அவளைப் பார்க்கிறான், பிறகு தானும் பக்கத்தில் தலை வைத்து, ஒரு வைத்தியரைக் கூப்பிடுங்கள் என்று கேட்கிறான். ஒரு படைக்கே அடங்காதவன். அந்த ஒரு கட்டத்துக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும். அதற்குப் பிறகு அவளை முதுகில் கட்டிக்கொண்டு, சாஞ்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு, செங்குத்தான பனிமலையில் வெறுங்கையால் ஏறுகிறான்.

ஜாயா தீவில் பெல்லமி என்ற கொள்ளையனின் ஆட்கள் பாட்டிலால் அடிக்கும்போது ஸோரோவிடம் இந்தச் சண்டையை வாங்காதே என்று ஓர் உத்தரவு போடுகிறான். இரண்டு பேரும் கை ஓங்காமல் ரத்தம் சொட்ட வெளியே வருகிறார்கள். உலகத்தின் முதல் வாள்வீரன் ஆகப்போகிறவன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே பெல்லமி, இவர்களுக்கு உதவிய கிழவர் கிரிக்கெட்டின் தங்கத்தைத் திருடியதும் ஒரே குத்தில் விழுகிறான்.

இப்போது வாட்டர் 7. லூஃபி அவசரப்பட்டான் என்கிறீர்கள். நடந்த வரிசையைப் பாருங்கள். கப்பல்கட்டும் தொழிலில் உலகத்திலேயே பேர்பெற்ற ஊருக்கு, ஸ்கைபியாவின் தங்கத்தை விற்றுக் கிடைத்த 30 கோடி பெலியோடு, மெரியைச் சரிசெய்யத்தான் வருகிறார்கள். அங்கே தச்சர் வந்து பார்த்து, அடிமரம் போய்விட்டது, இதை யாராலும் சரிசெய்ய முடியாது என்கிறார். முதலில் அதை மறுப்பதே லூஃபிதான். இன்றுவரை நன்றாக ஓடிய கப்பலாயிற்றே என்று கத்துகிறான். அந்த ஊர்த் தலைவர் ஐஸ்பர்க் அவனைக் கடிந்துகொள்கிறார், நீ கேப்டன்தானே என்று. அதற்குப் பிறகுதான் அவன் முடிவெடுக்கிறான்.

அடிமரம் என்பது கப்பலின் முதுகெலும்பு. மேலே எவ்வளவு பலகை அடித்தாலும் அது விரிந்துவிட்டால் அடுத்த பெரிய அலையில் கப்பல் இரண்டாகும். உள்ளே இருக்கிற எல்லோரும் போவார்கள், உசோப்பும் சேர்த்து. ஒரு கப்பல்காரனாகச் சொல்கிறேன், இந்த விஷயத்தில் அந்தப் பதினேழு வயதுப் பையன் எடுத்ததைத் தவிர வேறு முடிவே கிடையாது. நேசத்துக்காக அந்தக் கப்பலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறவன் கீழே வேலை செய்ய நான் மாட்டேன்.

உங்களுக்கு ஏன் உசோப் பக்கம் மட்டும் நிற்கத் தோன்றுகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மங்காவை வரையும் எயிச்சிரோ ஓடா மற்றவர்களின் மனசுக்குள் ஓடுவதை எழுதிக் காட்டுவார். உசோப்பின் பயம், நாமியின் கணக்கு, சாப்பரின் குழப்பம் எல்லாம் நமக்குத் தெரியும். லூஃபி மனசுக்குள் பேசுவதை அவர் காட்டுவதில்லை. அவன் வாயால் சொல்வதும் கையால் செய்வதும்தான் நமக்குக் கிடைக்கிறது. அதனால் உசோப்பின் துக்கத்தை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம், லூஃபியின் துக்கத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம். 333-ஆவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களை மெதுவாக வாசியுங்கள். சண்டை முடிகிறது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறான். மெரியை உசோப்பிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். பிறகு கனமாக இருக்கிறது என்று ஒரே ஒரு சொல். ஸோரோ ஆறுதல் சொல்வதில்லை. கேப்டன் என்றால் அதுதான், நீ தடுமாறினால் நாங்கள் யாரை நம்புவது என்கிறான். அந்த அத்தியாயத்தின் பெயரே 'கேப்டன்', உங்கள் கையில் இருக்கும் 35-ஆவது தொகுதிக்கும் அதே பெயர்தான்.

கறுப்புக்கொடி:

நடுக்கடல் எழுதியதை ரசித்து வாசித்தேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் நிலாமுற்றத்தோடு நிற்கிறேன். முடிவு சரி, முடிவெடுத்த முறை சரியில்லை.

நான் உண்மையான கடற்கொள்ளையர்களைப் பற்றி நிறைய வாசிப்பவன். ஓடாவும் அந்த வரலாற்றில் தோய்ந்தவர். கறுப்புத்தாடி எட்வர்ட் டீச், பார்த்தலோமியு ராபர்ட்ஸ், ஃபிரான்சுவா லொலோனே என்று அசல் ஆட்களின் பெயர்கள் இந்த மங்கா முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஸோரோவின் குடும்பப் பெயரான ரொரொனோவா லொலோனேயிலிருந்து வந்தது.

அந்த அசல் கப்பல்களில் கேப்டன் ராஜா கிடையாது. ராபர்ட்ஸ் 1722-இல் ஆப்பிரிக்கக் கரையில் செத்தவர். அவர் கப்பலில் எழுதி வைத்த சட்டதிட்டத்தில் முதல் விதியே முக்கியமான விஷயங்களில் ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு என்பதுதான். கொள்ளையில் கேப்டனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் தலா இரண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம். துரத்தும்போதும் சண்டையின்போதும் மட்டும் கேப்டன் சொல் கடைசிச் சொல். மற்ற நேரத்தில் கூடிப் பேசித்தான் எல்லாம். 1718-இல் சார்லஸ் வேன் என்ற கேப்டன் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதாமல் விலகச் சொன்னார். அந்த நேரத்தில் ஆட்கள் கீழ்ப்படிந்தார்கள், மறுநாள் ஓட்டெடுத்து, கோழை என்று பெயர் சூட்டி அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஜாக் ராக்கம்.

கப்பலை மாற்றுவது சண்டை நேரத்து முடிவு கிடையாது. ஏழு பேரையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அதிலும் ராபின் அந்த நேரத்தில் கூட இல்லை. ராபர்ட்ஸின் கப்பலாக இருந்திருந்தால் உசோப்புக்கு ஓட்டு இருந்திருக்கும். தோற்றிருந்தாலும் தன் பேச்சு எடுபட்டது என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

நடுக்கடல்:

கறுப்புக்கொடி சகோ, சொன்ன விதம் மோசம் என்பதில் எனக்கும் வேறு கருத்து இல்லை. அடிபட்டுக் கிடக்கிறவனிடம் அந்த நேரத்தில், அந்தக் குரலில் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் லூஃபியின் வைக்கோல் தொப்பிக் குழுவிடம் சட்டதிட்டம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஸோரோ சேர்ந்த நாளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். என் லட்சியத்துக்குக் குறுக்கே நீ வந்தால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரை விட வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்கிறான். லூஃபி சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறான். வேனை இறக்கிய ஓட்டைவிட அது கடுமையான விதி. ஒவ்வொருத்தரும் தனித்தனி கனவோடு வந்தவர்கள், அந்தக் கனவைக் காப்பதுதான் கேப்டனின் பங்கு. விவி விஷயத்தில் பாருங்கள். 166-ஆவது அத்தியாயத்தில் பாலைவனத்தில் அவளோடு அடித்துக்கொள்கிறான். யாருமே சாகக் கூடாது, தன் உயிரை மட்டும் கொடுத்து நாட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று அவள் நினைக்கிறாள். ஏன் உன் உயிரை மட்டும் பணயம் வைக்கிறாய், எங்கள் உயிரையும் வை, நாங்கள் உன் கூட்டாளிகள்தானே என்பது அவன் வாதம். அங்கேயும் நிதானமாகச் சொல்லத் தெரியாமல் கை ஓங்குகிறான். ஆனால் அந்தச் சண்டையில்தான் அவள் மனசு திறக்கிறது. பேசத் தெரியாத ஆள், ஆனால் சரியான இடத்தில் கை வைக்கிறான்.

கியூஷு_மழை:

உங்கள் விவாதத்துக்கு நடுவே ஒரு சின்னத் தகவல். நான் வேலை நிமித்தம் ஜப்பானில், கியூஷு தீவில் இருக்கிறேன். ஓடா பிறந்தது இங்கே குமமோட்டோவில், 1975 ஜனவரி 1. 2016 ஏப்ரலில் இந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. மஷிகி என்ற ஊரில் 14-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும், ஜப்பானிய அளவுகோலில் உச்சமான 7-ஆம் நிலை அதிர்வு இரண்டு தடவை பதிவானது. ஓடா மறுசீரமைப்புக்கு 80 கோடி யென் கொடுத்தார். அதற்கு நன்றியாக 2018 நவம்பர் 30 அன்று குமமோட்டோ மாகாண அலுவலகத்தின் முன்னால் லூஃபிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவனைச் சுற்றிக் குழுவையும் நிறுத்தவில்லை. ஒவ்வொருவரையும் பாதிக்கப்பட்ட ஒவ்வோர் ஊருக்கு அனுப்பினார்கள். சாஞ்சி மஷிகிக்குப் போனான். உசோப் அசோ ரயில் நிலையத்துக்கு. சாப்பர் குமமோட்டோ நகர விலங்குக் காட்சிசாலைக்கு. நாமி நிஷிஹராவில், ஸோரோ ஓஸுவில், ராபின் மினாமி அசோவில். இன்னும் சில பேர் வேறு ஊர்களில் நிற்கிறார்கள், அவர்கள் யாரென்று நிலாமுற்றம் தானே தெரிந்துகொள்ளட்டும். கேப்டன் அலுவலக வாசலில் நிற்கிறான், மற்றவர்கள் வேலை நடக்கிற இடத்தில் நிற்கிறார்கள். இந்த மாகாணத்துக்காரர்கள் கதையை நன்றாக வாசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மஷிகியில் சாஞ்சி பக்கத்தில் ஒரு பாட்டி தன் பேரனுக்கு, பசியோடு வருகிறவனுக்கு இவன் சோறு போடாமல் அனுப்ப மாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. நடுக்கடல் எழுதியதை வாசித்த அன்றைக்கே 36-ஐத் திறந்துவிட்டேன். இப்போது 45-ஆவது தொகுதி வரை வந்துவிட்டேன். இங்கே 438 வரை நடப்பதைப் பேசப்போகிறேன், வாசிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

மெரி திரும்பி வருகிற இடம். எனிஸ் லாபி தீவில் தப்பிக்க வழியே இல்லாமல் நிற்கும்போது யாருமில்லாத கப்பல் தானாக வந்து இவர்களை ஏற்றிக்கொள்கிறது. பிறகு கரைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டாகப் பிளக்கிறது. நடுக்கடல் அடிமரத்தைப் பற்றி எழுதியது அப்படியே கண்முன் நடந்தது. தீப்பந்தம் பிடித்து மெரிக்குத் தீ வைக்கிறவன் லூஃபி. வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. முடிவெடுத்தவனே கடைசி வரை நின்று செய்கிறான். அழுதுகொண்டே மெரியிடம் மன்னிப்புக் கேட்கிறான், இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று. இந்த மன்னிப்பு இவ்வளவு நாளும் அவனுக்குள் இருந்திருக்கிறது. மனசுக்குள் பேசுவதைக் காட்டாததால் நமக்குத் தெரியாமல் போயிற்று. அந்தப் பக்கங்களில் நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

ஆனால் என்னை அதைவிட அதிகமாக அசைத்தது ஸோரோதான். எல்லாம் முடிந்து உசோப் திரும்பி வரப்போகிறான் என்றதும் லூஃபிக்குத் தலைகால் புரியவில்லை, ஓடிப்போய்க் கூட்டிவரப் பார்க்கிறான். ஸோரோ தடுக்கிறான். அவனாக வந்து மன்னிப்புக் கேட்காதவரை சேர்க்கக் கூடாது, கேப்டனுக்கு மரியாதை இல்லாத குழு நிற்காது, அப்படிச் சேர்த்தால் நான் விலகுவேன் என்கிறான். லூஃபி கேட்டுக்கொள்கிறான். உசோப் எப்படி எப்படியோ கெத்தாகத் திரும்பி வர ஒத்திகை பார்ப்பதும், இவர்கள் காதில் விழாத மாதிரி கப்பலைக் கிளப்புவதும், மேலே பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருப்பதும்! கடைசியில் உசோப் உடைந்து மன்னிப்புக் கேட்ட அடுத்த நொடி லூஃபியின் கை நீள்கிறது. கண்ணீரும் மூக்கும் ஒழுக, சீக்கிரம் பிடித்துக்கொள் முட்டாளே என்று கத்துகிறான்.

உசோப் மேல் எனக்கு இருந்த பாசம் கொஞ்சமும் குறையவில்லை. அன்று அவன் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவனை அப்படியே தூக்கிக் கூட்டிவந்திருந்தால் அந்தச் சண்டைக்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும், அவன் அன்று உயிரைக் கொடுத்துப் போட்ட சண்டை அது. அவனுடைய மானத்தையும் சேர்த்துத்தான் ஸோரோ காப்பாற்றினான் என்று நினைக்கிறேன்.

கறுப்புக்கொடி:

அருமை. நான் முன்பு குவார்ட்டர்மாஸ்டர் பற்றிச் சொல்லிவிட்டு விளக்காமல் விட்டுவிட்டேன், இப்போது அது பொருந்துகிறது. அசல் கொள்ளைக் கப்பல்களில் குவார்ட்டர்மாஸ்டரை ஆட்களே தேர்ந்தெடுப்பார்கள். சாப்பாடும் பங்கும் சரியாகப் போகிறதா, சண்டை சச்சரவு தீர்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கேப்டன் வரம்பு மீறினால் எதிர்த்து நிற்பதும் அவர்தான். ஸோரோ இந்தக் கதையில் பார்க்கிற வேலை அதுதான், பதவிக்குப் பெயர்தான் இல்லை. 333-இல் கேப்டன் தளரும்போது தளராதே என்கிறான். உசோப் திரும்பும் நேரத்தில் கேப்டன் பாசத்தில் இளகும்போது இளகாதே என்கிறான். இரண்டு இடத்திலும் கேப்டனிடம்தான் கண்டிப்பு, உசோப்பிடம் இல்லை. அதைக் கேட்டுக்கொள்கிற கேப்டனும் வேண்டுமே. சார்லஸ் வேனுக்கு இப்படி ஓர் ஆள் வாய்க்கவில்லை, அவருடைய குவார்ட்டர்மாஸ்டராக இருந்த ராக்கம்தான் அவர் பதவியையே எடுத்துக்கொண்டார்.

ஓட்டு இருந்திருக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இந்தக் குழுவில் கேப்டனைத் தட்டிக்கேட்க ஆள் இருக்கிறது என்பதை நடுக்கடல் சொன்னதைவிட அந்த இடம் நன்றாகவே நிரூபிக்கிறது.

ரப்பர்கை:

அக்கா, அடுத்து திரில்லர் பார்க் என்ற கதைப்பகுதி. நிறைய பேர் அதை இழுவை என்பார்கள், வேகமாகத் தாண்டிவிடுங்கள் என்பார்கள். சபோடி தீவுக்கூட்டத்துக்குப் போய்விட்டால் அப்புறம் கீழே வைக்கவே முடியாது.

நிலாமுற்றம்:

என் தம்பியும் அதையேதான் சொல்கிறான், ஒரு ராத்திரியில் ஓட்டிவிடு என்று. தாண்டலாமா?

நடுக்கடல்:

தாண்டவே தாண்டாதீர்கள். ரப்பர்கை தம்பி, இது நியாயமா?

பேய்வீடு, பிணங்கள், நிழல் திருடுவது என்று ஆரம்பம் விளையாட்டாகத்தான் போகும். நடுவில் கொஞ்சம் நீளும், அது உண்மை. ஆனால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டவர். கேப்டனுக்காகக் குழு என்ன கொடுக்கும் என்பதற்கு இந்த மங்காவிலேயே ஆகச்சிறந்த பதில் அங்கேதான் இருக்கிறது. அதிகம் வசனம் கிடையாது, சில பக்கங்கள்தான். ஸோரோ சம்பந்தப்பட்டது என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கங்களை வாசித்த இரவில் நான் வாட்ச்சுக்குப் போய் பிரிட்ஜில் நின்றபோது, பக்கத்தில் சுக்கான் பிடித்திருந்த ஏபியிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் மங்கா வாசிக்கிறவர் இல்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, அந்த வாள்காரனுக்கு அப்புறம் என்ன ஆச்சு சார் என்றார்.

50-ஆவது தொகுதி, 485-ஆவது அத்தியாயம். முன்னால் எதையும் விடாமல் வந்து அதை வாசியுங்கள். இணையத்தில் அந்தக் காட்சியைத் தேடிவிடாதீர்கள், ஒரு படத்தைப் பார்த்தாலே பாதி போய்விடும். தம்பியையும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வாசித்து முடித்ததும் இந்த இழையிலேயே எழுதுங்கள், கறுப்புக்கொடிக்கும் எனக்கும் அதைப் பற்றி நிறையப் பேச இருக்கிறது.